பட்டாதாரர் நேரில் இருக்க வேண்டும்

எனக்கு முகச்சவரம் நன்றாகச் செய்ய வரும். அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு அவருக்கு நான்தான் செய்துவிடுவேன். மோவாய்க்குக் கீழே அவருக்கு ஒரு பள்ளம் உண்டு. அந்த இடத்தில் தோலைச் சற்று இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் திங்கட்கிழமை காலையிலும் ஒரு கீறல்கூட விழாமல் செய்துவிட்டேன். நடந்தது எதையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள், சார். அதனால் இதையும் எழுதுகிறேன்.

என் பெயர் அருள்ராஜ். தொட்டியத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரையை ஒட்டி எங்கள் வாழைத் தோட்டம். தோட்டத்துக்குள்ளேயே வீடு. அப்பா பெயர் அடைக்கலம். அம்மா இறந்து வெகுநாள் ஆகிறது. ஒரே தங்கை பானுப்ரியா திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எடமலைப்பட்டி புதூரில் குடியிருக்கிறாள். அவள் என்மேல் புகார் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டாள். நானாகத்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். நீங்கள் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தீர்கள். "வயசானவரு, பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில செத்திருக்காரு. இதுல நான் என்னங்க கேஸ் போடுறது?" என்று கேட்டீர்கள். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, மனசுல இருக்கறத எழுதிக் குடுங்க" என்று பேப்பரைத் தந்தீர்கள்.

பிளஸ் டூ முடித்த வருடத்திலிருந்து தோட்டத்தில் வாழை போடுவது நான்தான். கன்று வாங்குவது, ஊன்றுவது, உரம் வைப்பது, சவுக்குக் கம்பு முட்டுக் கொடுப்பது, தார் வெட்டி லாரியில் ஏற்றுவது எல்லாம் நான். ஆனால் பட்டா அப்பா பெயரில் இருந்தது. அரசாங்கம் விவசாயிகளுக்குப் போடும் உதவித்தொகை அவர் கணக்கில்தான் விழும். சொட்டுநீர்க் குழாய் மானியம், பயிர்க்கடன், எதற்குப் போனாலும் "பட்டாதாரர் யாருங்க?" என்பார்கள். அப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு என் பைக்கில் பின்னால் ஏறி வந்து கைரேகை வைப்பார். பணம் வந்தால் வங்கி வாசலிலேயே அதை அப்படியே என் சட்டைப் பையில் செருகிவிடுவார். ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை. எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவனுக்கு, தான் விவசாயி என்று எந்த அலுவலகத்திலும் சொல்ல முடியாமல் இருப்பது கொஞ்சம் சங்கடம்தான்.

இந்தச் சித்திரையில் ஒரு சாயங்காலம் சூறைக்காற்று அடித்தது. மழை பெரிதாக இல்லை, காற்றுதான். பூவன் வாழை முழுக்கத் தார் தள்ளி நின்ற சமயம். மறுநாள் காலையில் தோட்டத்துக்கு நடுவில் நின்றால் காவிரிக் கரை தெரிந்தது. அங்கே நின்று நான் கரையைப் பார்த்ததே கிடையாது. அப்பா விழுந்த மரங்களுக்கு நடுவில் நடந்து, தரையில் கிடந்த தார்களைக் குனிந்து குனிந்து தொட்டுப் பார்த்தார். "பச்சப் புள்ளைங்கடா எல்லாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை சேதத்தைப் பார்க்கத் தோட்டக்கலைத் துறையிலிருந்து லக்ஷ்மிகாந்த் என்ற இளம் அலுவலர் வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர். தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். நல்ல மனிதர். விழுந்த மரங்களைப் படம் எடுத்தார். அப்பாவின் தோளைத் தொட்டு, "கவலப்படாதீங்க ஐயா, நிவாரணத்துக்கு எழுதியாச்சு" என்றார். அப்புறம் என்னிடம் திரும்பி விவரம் சொன்னார்.

"இந்தத் தடவை புதுசா முகப்பதிவு வெச்சிருக்காங்க. பட்டாதாரர் நேர்ல இருக்கணும். போன்ல முகத்தக் காட்டிக் கண்ணச் சிமிட்டணும். இப்பவே எடுத்துடலாம்னு பாத்தேன், சர்வர் படுத்துது. திங்கக்கிழமை கடைசி நாள். நான் வருவேன், ஐயா வீட்டுல இருக்கட்டும். எதாவதுன்னா ஒரு போன் போடுங்க."

சனிக்கிழமை காலையில் அப்பா மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். என் மனைவி ஆனந்தவள்ளி அவள் தங்கையின் பிரசவத்துக்காக லால்குடி போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழுந்தது. பேச்சு வரவில்லை. நான் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டேன். தூக்கும்போது அழுதேன். யாரும் பார்க்கவில்லை, ஆனால் அழுதேன்.

அது பக்கவாதம் என்று எனக்குத் தெரியும். சீக்கிரம் கொண்டுபோனால் அதற்கு ஊசி இருக்கிறது என்றும் தெரியும். ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது பானுதான் சொல்லியிருந்தாள். அதனால் எனக்கு விவரம் தெரியாது என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள், சார்.

நான் ஏழாவது படிக்கும்போது இதே தோட்டத்தில் என்னைப் பாம்பு கடித்தது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். வந்த மணல் லாரிக்குக் குறுக்கே, துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரி அவர் முழங்காலை உரசிக்கொண்டு நின்றது. திருச்சி வரைக்கும் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார், "தூங்காத தம்பி, தூங்காத தம்பி" என்று. அவரைக் கட்டிலில் கிடத்தியபோது எனக்கு அதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ஒன்றும் ஞாபகம் வராமல் செய்துவிட்டதாகவும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் திங்கட்கிழமையைப் பற்றிய யோசனை வந்தது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் சொருகுவார்கள். முகத்தில் மாஸ்க் வைப்பார்கள். பிறகு அந்த முகத்தை எந்த போன் ஏற்றுக்கொள்ளும்? வழியிலேயே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். அதற்குள் நிவாரணம் கைவிட்டுப் போகும். மறுபடி கன்று ஊன்ற வழி இல்லை. இரண்டு நாள்தானே என்று நினைத்தேன். நிதானமாகத்தான் நினைத்தேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்பா என்னைப் பார்த்து "ஆ... ஆ..." என்றார். ஆகட்டும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாளும் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். உடம்பைத் துடைத்து, வேட்டி மாற்றி, முதுகு புண்ணாகாமல் புரட்டிப் போட்டேன். இழுத்திருந்த கன்னத்தை விளக்கெண்ணெய் தடவி மேல்நோக்கி நீவிவிட்டேன். அவருக்கு இதமாக இருக்கட்டும் என்றுதான் முதலில் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆதார் அட்டையை எடுத்து அந்தப் படத்தில் இருந்த வாயோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே நீவினேன். பானு போன் செய்தாள்.

"அப்பா என்ன பண்றாரு அண்ணே?"

"தூங்குறாரு."

"இந்த நேரத்துலயா?"

"காத்துல விழுந்ததெல்லாம் பாத்து மனசு விட்டுப் போச்சு. அசதியா இருக்காரு. எழுப்ப வேணாம்."

"சரி, எழுப்பாத. மாத்திர வாங்கி வெச்சிருக்கேன்னு சொல்லு. செவ்வாக்கிழமை எனக்கு லீவு, கொண்டாறேன்."

அப்பா தூங்கவில்லை. போனிலிருந்து அவள் குரல் கேட்டதும் இடது கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தேன். லக்ஷ்மிகாந்த் சொன்னபடி வந்தார். நான் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, தலை சாயாமல் பிடித்துக்கொண்டேன். ஒரு விரலால் கன்னத்தையும் சற்றுத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

"கண்ணச் சிமிட்டுங்க ஐயா" என்றார் அவர்.

அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சிமிட்டவில்லை. போனில் சிவப்பாக ஏதோ வந்தது. லக்ஷ்மிகாந்த் மறுபடி முயன்றார். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவை நான் அப்பாவின் பக்கவாட்டிலிருந்து அவர் கண்ணில் மெதுவாக ஊதினேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணில் தூசி விழுந்தால் ஊதுவோமே, அந்த மாதிரி. கண் மூடித் திறந்தது. பச்சை வந்துவிட்டது.

லக்ஷ்மிகாந்த் போனைக் கீழே இறக்கிவிட்டு அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"என்னங்க இது? வாய் இழுத்திருக்கே. கையைத் தூக்குங்க ஐயா. இது ஸ்ட்ரோக் மாதிரின்னா இருக்கு? நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா?"

"கார் சொல்லிட்டேன் சார். வந்துக்கிட்டே இருக்கு."

"நானும் கூட வரட்டுமா?"

"நீங்க இன்னும் நாலு வீடு பாக்கணும்ல சார். நான் பாத்துக்கறேன்."

அவர் அப்பாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். கார் எதுவும் நான் சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம் அவரே போன் செய்து விசாரித்தார். "அட்மிட் பண்ணியாச்சு சார், பரவாயில்ல" என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று அவர் கேட்பதற்குள் வைத்துவிட்டேன். அப்பா அப்போதும் அதே கட்டிலில்தான் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை பானு வந்தாள். மாத்திரைப் பையை அப்படியே வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்து அப்பாவின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். அப்பா அவளைப் பார்த்து "ஆ... ஆ..." என்றார்.

"ஆஸ்பத்திரிதான் போறம்பா. இதோ, ஆஸ்பத்திரிதான்" என்றாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டே என்னிடம் கேட்டாள். "எப்பலேர்ந்து இப்படி?"

"இப்பத்தான். காலையில எந்திரிக்கும்போது நல்லாத்தான் இருந்தாரு."

அப்பாவுக்குப் பேச்சுதான் போயிருந்தது. காது நன்றாகக் கேட்டது. நான் அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எழுதுவது சுலபம். நான் பரீட்சையில் தோற்ற வருடம் ரிசல்ட் பார்த்துவிட்டு வந்து நின்றபோது எப்படிப் பார்த்தாரோ அப்படித்தான் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திருச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பானுவை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். அவள் வெளியே வந்து வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணே, எப்பலேர்ந்து?" என்று மறுபடி கேட்டாள்.

"காலையிலதான் பானு."

"நான் நர்ஸு அண்ணே" என்றாள்.

அப்பா வெள்ளிக்கிழமை இறந்தார். கடைசிவரை பானுதான் பக்கத்தில் இருந்தாள். நான் மருந்து வாங்க, டிபன் வாங்க என்று கீழேயும் மேலேயும் போய்க்கொண்டிருந்தேன்.

ஓயாமரியில் தகனம் செய்து, மறுநாள் அஸ்தியைக் கரைக்க ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போனோம். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு லக்ஷ்மிகாந்த் அங்கே வந்துவிட்டார். பக்கத்துத் தெருதானாம் அவருக்கு. குளித்துவிட்டு ஈர வேட்டியோடு படியில் நின்றார்.

"பெருமாள் திருவடி சேர்ந்துட்டார்னு நெனச்சுக்கோங்க. திங்கக்கிழமையே அட்மிட் பண்ணிட்டேன்னு சொன்னீங்களே, பொழச்சுடுவார்னு நம்பினேன்" என்றார்.

பானு திரும்பிப் பார்த்தாள். "திங்கக்கிழமையா?"

அவர் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொன்னார். முகப்பதிவு, கடைசி நாள், வாய் இழுத்திருந்தது, கார் வருவதாக நான் சொன்னது. பானு ஒன்றும் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "அந்தப் பதிவ ஆஸ்பத்திரியில வெச்சு எடுக்க முடியாதா சார்?" என்றாள்.

"எடுக்கலாமே. படுத்திருந்தாலும் எடுக்கலாம். திருச்சி ஆஸ்பத்திரின்னா எனக்கு இன்னும் கிட்டம்மா. தொட்டியம்தான் தூரம். சனிக்கிழமையே ஒரு போன் போட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கு ஏதோ புரிந்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாகப் படியேறிப் போனார்.

பானு ஈரப் புடவையோடு படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை அறைவாள் என்று நினைத்தேன். அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நானே அந்த சாரக் கூட்டியாந்திருப்பேனே அண்ணே. நிவாரணமும் வந்திருக்கும். அப்பாவும் இருந்திருப்பாரு."

அப்புறம் என் முதுகில் கை வைத்தாள். "விடு. மரமெல்லாம் விழுந்து கெடக்கு, புத்தி எங்கேருந்து வேல செய்யும்? உனக்கு என்ன கஷ்டமோ" என்றாள். அப்போதுதான் அழுதாள். எனக்காகவும் சேர்த்து அழுதாள்.

அந்தக் கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, சார். நிவாரணம் போய்விடுமோ என்று பயந்து புத்தி கெட்டுப்போன அண்ணன் என்று நினைத்து அவள் என்னை மன்னித்துவிட்டாள். நீங்களும் அப்படித்தான் நினைத்து டீ வாங்கிக் கொடுத்தீர்கள். இதுவரை எழுதியதைப் படித்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் நிவாரண வேலை திங்கட்கிழமை காலையிலேயே முடிந்துவிட்டது. போனில் பச்சை வந்துவிட்டது. அவரைச் சுமந்துகொண்டு ரோட்டுக்கு ஓட எனக்கு எந்தத் தடையும் இல்லை. அதற்குப் பிறகும் அவர் ஒரு பகலும் ஒரு இரவும் அந்தக் கட்டிலில் கிடந்தார். அது ஏன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

லக்ஷ்மிகாந்த் போனதும் ஆம்புலன்ஸைக் கூப்பிடத்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் முதலில் என்ன கேட்பார்கள் என்று யோசித்தேன். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்பார்கள். சனிக்கிழமையிலிருந்து என்று சொல்ல வேண்டும். பானுவுக்குத் தெரிந்துவிடும். அவர் பிழைத்து, பேச்சும் திரும்பி வந்தால், அவரே சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்தில் வயதானவர் வீட்டில் இறந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கொட்டு வைத்து, மாலை போட்டு, நல்ல சாவு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முகப்பதிவு முடியும்வரைக்கும் அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதன் பிறகு அந்தக் காரணம் இல்லை.

மதியம் நொய்க்கஞ்சி வைத்தேன். சனிக்கிழமை ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தபோதே அவருக்குப் புரையேறி, கண் பிதுங்கி, மூச்சு நின்று திரும்பியது. அவரால் விழுங்க முடியாது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். அதனால் இரண்டு நாளும் துணியை நனைத்து உதட்டில் வைத்ததோடு சரி. திங்கட்கிழமை, அடுக்கியிருந்த தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, கரண்டியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நான் ஊட்டுகிறேன் என்று தெரிந்ததும் வாயைத் திறந்தார். இருமினார். இருமல் அடங்கும்வரை பொறுத்திருந்து அடுத்த கரண்டி கொடுத்தேன். அதற்கும் திறந்தார். கிண்ணம் காலியாகும்வரை கொடுத்தேன். இரவில் நெஞ்சு கரகரத்துக் காய்ச்சல் வந்தது. பக்கவாதத்தால் அல்ல, கஞ்சி நுரையீரலில் இறங்கிச் சளி கட்டியதால்தான் இறந்தார் என்று டாக்டர் பானுவிடம் சொல்லியிருக்கிறார். பசியோடு இருக்கிறாரே என்று அண்ணன் தெரியாமல் ஊட்டிவிட்டான் என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

என் அப்பா அடைக்கலத்தை நான்தான் கொன்றேன். அவர் கஷ்டப்பட வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை, சார். அந்தக் கஞ்சியைக்கூட வாய் சுடாமல் நன்றாக ஆற வைத்துத்தான் கொடுத்தேன்.